ஐயா இல்லாத அச்சகத்துக்குக் கடன்

"அவர் போயிட்டா இங்க என்ன மிஞ்சும், மேடம்?"

நான் ஏறிய முதல் வங்கியில் கடன் அதிகாரி கேட்ட முதல் கேள்வி இது. கையில் தடிமனான கோப்பு வைத்திருந்தேன். இயந்திரங்களின் பட்டியல், மூன்று வருடக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம், என் சேமிப்புக் கணக்கு எல்லாம் அதில் இருந்தது. இந்தக் கேள்விக்கான பதில் மட்டும் இல்லை.

நான் வாங்கக் கடன் கேட்டது, 11 வருடம் வேலை பார்த்த அச்சகத்தை. ஆர்டர் மேசை என் பொறுப்பு. விலை சொல்வது, பேப்பர் கணக்குப் போடுவது, புரூஃப் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, டெலிவரி தேதிக்குப் பதில் சொல்வது எல்லாம் நான்தான். முதலாளியை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சாயங்காலம் மெஷின் நின்ற பிறகு என்னை உட்காரச் சொன்னார். "மகளுக்கு இதுல இஷ்டம் இல்லம்மா. எனக்கும் முட்டி ஒத்துழைக்கல. வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்கறேன். நீ எடுத்துக்கறியா?" என்றார். அன்றைக்கு எனக்கும் என் கணவருக்கும் தூக்கமே இல்லை.

உண்மையான தொகைகளை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ஐயாவின் கணக்கும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அச்சகத்தின் வருட லாபத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்களெல்லாம் அந்த அளவில்தான். ஐயா கேட்ட விலை 350, அதாவது மூன்றரை வருட லாபம். எங்களிடம் இருந்த சேமிப்பு 70. மீதி 280-ஐ வங்கியில் வாங்கிவிடலாம், வருடம் 100 வரும்போது கட்ட முடியாதா என்பதுதான் என் கணக்கு.

அந்த முதல் வங்கி இருபதே நிமிடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டது. மதிப்பீட்டாளர் போட்ட கணக்கில் எல்லா இயந்திரங்களும் சேர்ந்து 130-தான் தேறின. மீதி 220 என்பது பெயர், பழக்கம், தேடி வருகிற ஆர்டர். கணக்குப் பாடத்தில் இதை நற்பெயர் என்பார்கள். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் மெஷினை ஏலம் விடலாம், நற்பெயரை எங்கே கொண்டு போய் ஏலம் விடுவது? புதிதாக ஒரு மெஷின் வாங்கக் கடன் கேட்பதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை வாங்கக் கடன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இங்கே வங்கி நம்ப வேண்டியது இரும்பை அல்ல, மாதாமாதம் வரப்போகும் காசை. அந்தக் காசு ஐயாவோடு கிளம்பிப் போய்விடுமா, அச்சகத்திலேயே தங்குமா என்பதைத்தான் அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது. இப்போது நினைத்தால் அவர்மேல் நன்றிதான் இருக்கிறது.

இரண்டாவது வங்கிக்குப் போவதற்கு முன் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். ஐயாவிடம் நேராகவே சொன்னேன்: "ஐயா, உங்கமேல சந்தேகமில்ல. ஆனா வங்கி கேக்கறதுக்கு நான் பதில் சொல்லணும். எல்லாப் புத்தகத்தையும் பாக்கணும்." அவர் பீரோ சாவியைக் கையில் கொடுத்தார். எல்லா முதலாளியும் இப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 100 என்ன என்று பார்த்தேன். ஐயா தன் காரின் செலவு 9-ஐயும் குடும்பக் காப்பீடு 5-ஐயும் அச்சகக் கணக்கில்தான் எழுதியிருந்தார். எனக்கு அந்தச் செலவுகள் வராது, ஆக லாபம் 114. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மறுபக்கம் பார்த்தேன். கட்டடம் ஐயாவுக்குச் சொந்தம், அதனால் கணக்கில் வாடகை என்ற வரியே இல்லை. என்னிடம் அவர் வாடகை வாங்குவார், அது 16. அவர் தனக்குச் சம்பளம் எழுதிக்கொண்டதே இல்லை, மிஞ்சியதுதான் அவருக்கு. எனக்கு மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வேண்டும். நான் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தை ஆர்டர் மேசைக்கு எடுக்கும் புது ஆளுக்கு ஒதுக்கிவிட்டேன், எனக்கென்று தனியாக 24. பில் போடுவதும் பாக்கி வசூலிப்பதும் அவருடைய மனைவி. அந்த அம்மா சம்பளம் வாங்காமலே செய்துவந்தார். அந்த வேலைக்கு அரைநாள் ஆள் வைத்தால் 8. வரிக்கு 6. எல்லாம் போக நின்றது 60.

நூறு அறுபதாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஐயாவின் கையில் அது 100 கொடுத்தது உண்மைதான். என் கையில் 60 கொடுக்கும் என்பதும் உண்மை.

வங்கிகள் பார்க்கிற முக்கியமான எண் இங்கேதான் வருகிறது. ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்து 1 என்றால், எல்லாச் செலவும் போக மிஞ்சும் காசு எத்தனை மடங்கு இருக்கிறது என்று பார்ப்பார்கள். டிஎஸ்சிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் 1.25-க்குக் குறைந்தால் முகம் சுளிப்பார்கள். அந்தக் கால் பங்குதான் ஒரு மெஷின் பழுதானாலோ ஒரு வாடிக்கையாளர் பணம் தாமதித்தாலோ நம்மைத் தாங்கும். என் பழைய கணக்குப்படி 280 கடன், வட்டி 10 சதவீதம், 7 வருடம் என்றால் வருடத்துக்குக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 56. கையில் 60. விகிதம் 1.07. முதல் வங்கி மறுக்காமல் கொடுத்திருந்தால் முதல் வருடமே திணறியிருப்பேன்.

அடுத்ததாகப் பார்த்தது மெஷின் கவுண்டர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விலை இறங்கியதே இதனால்தான்.

ஆஃப்செட் அச்சு மெஷினில் எத்தனை இம்ப்ரெஷன், அதாவது எத்தனை முறை தாளில் அச்சு விழுந்தது என்று காட்ட ஒரு கவுண்டர் இருக்கும். சர்வீஸ் செய்ய வருபவர் ஒவ்வொரு முறையும் தேதியும் கவுண்டர் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த அட்டைகளை ஐயா ஒரு கம்பியில் கோத்து மெஷின் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார். மை படிந்த, ஓரம் மடங்கிய அட்டைகள். பதினொரு வருடமாக அவற்றைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று வருடத்து எண்களைத் தாளில் இறக்கினேன். ஒரு வருடக் கடைசி எண்ணிலிருந்து முந்தைய வருடக் கடைசி எண்ணைக் கழித்தால் அந்த வருடம் ஓடிய இம்ப்ரெஷன் தெரிந்துவிடும். மூன்று வருடத்தில் 18 சதவீதம் குறைந்திருந்தது. பில் தொகை மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் என் கணக்குதான் தப்பு என்று நினைத்தேன். சரிபார்க்க, மெஷினில் மாட்டும் அச்சுத் தகடான பிளேட் வாங்கிய பில்களை எடுத்தேன். பிளேட் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கியிருந்தது. காரணம் பிறகு விளங்கியது. அந்த வருடங்களில் பேப்பர் விலை ஏறியது, ஏறியதை அப்படியே பில்லில் ஏற்றினோம். ஏற்றிச் சொன்னதே நான்தான். அதனால் வரவு குறையாத மாதிரி தெரிந்தது, வேலை மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருந்தது. கணக்குப் புத்தகம் பணத்தை மட்டும்தான் சொல்லும். வேலை எவ்வளவு நடந்தது என்பதை அந்தத் தொழிலுக்கே உரிய ஏதோ ஒன்றில்தான் தேட வேண்டும். லாண்டரி என்றால் தண்ணீர் பில், கோழிப் பண்ணை என்றால் தீவன மூட்டை, எங்களுக்குக் கவுண்டர்.

தாளை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கே தெரியலம்மா" என்றார். அவர் குரலை மறக்க முடியவில்லை. அந்தத் தாளைக் காட்டியிருக்க வேண்டாமோ என்று அன்று இரவு வருத்தப்பட்டேன். ஆனால் காட்டாமல் வாங்கியிருந்தால் அந்த 18 சதவீதத்தையும் சேர்த்து நான்தான் சுமந்திருப்பேன். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மறுநாள் அவரே விலைப் பேச்சைத் தொடங்கினார்.

மூன்றாவது விஷயம் ஒரே வாடிக்கையாளர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளையும் லேபிளையும் எங்களிடம் அச்சடிக்கும் ஒரு நிறுவனம், மொத்த வரவில் 38 சதவீதம். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரும் ஐயாவும் இளவயது நண்பர்கள். "அவர் போயிட்டா என்ன மிஞ்சும்" என்ற கேள்வி உண்மையில் இந்த 38-ஐப் பற்றியதுதான்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டாவது வங்கிக்குப் போனேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. 100 எப்படி 60 ஆனது, கவுண்டர் எவ்வளவு இறங்கியது, 38 சதவீதம் யாரிடமிருந்து வருகிறது என்று நானே முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அங்கே இருந்த அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, "விற்கிறவரும் கொஞ்சம் பணத்தை உள்ளே விட்டுட்டுப் போகட்டுமே" என்றார். அதாவது விலையில் ஒரு பகுதியை ஐயா உடனே வாங்கிக்கொள்ளாமல் எனக்கே கடனாக விட்டுவைப்பது. அதில் வங்கிக்கு இரண்டு நன்மை. தான் கொடுக்க வேண்டிய தொகை குறைகிறது. விற்றவருடைய பணம் உள்ளே இருப்பதால் அச்சகம் நன்றாக ஓட வேண்டும் என்ற அக்கறை அவருக்கும் இருக்கிறது. எனக்கும் அது பெரிய நன்மை என்பது பிறகு தெரிந்தது.

கடைசியில் நின்ற ஏற்பாடு இப்படி. விலை 350-லிருந்து 290. என் கைப்பணம் 58, வங்கி 190, ஐயா விட்டுவைத்தது 42. ஐயாவின் 42-க்கு முதல் இரண்டு வருடம் நான் எதுவும் கட்டக் கூடாது, பணம் போதாமல் போனால் வங்கிக்குக் கொடுத்த பிறகுதான் அவருக்கு என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஐந்து வருடம், குறைந்த வட்டியில். அந்த மருந்து நிறுவனம் இரண்டு வருடத்துக்குள் விலகிப் போனால் 42-இல் பாதியைத் தள்ளுபடி செய்வதாகவும் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் கூட இருந்து என்னை வாடிக்கையாளர்களிடம் அழைத்துப் போவார், ஐந்து வருடத்துக்கு வேறு அச்சகம் தொடங்க மாட்டார்.

வங்கிக்கு வருடத் தவணை 38, விகிதம் 1.58. மூன்றாம் வருடம் ஐயாவின் தவணை 10 சேர்ந்து 48 ஆகும்போதும் 1.25. வட்டி அவ்வப்போது ஏறி இறங்கும் மிதக்கும் வட்டி என்பதால் 10 சதவீதம் 12 ஆனால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன், 1.2-க்கு அருகே இறங்கியது. வட்டி ஏறாமலே, மிஞ்சும் 60 ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 48 ஆனால் தவணைக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழில் ஓடத் தேவையான பணம், என் முதல் விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. இரண்டாவது வங்கியில் இருந்த அம்மாதான் கேட்டார், "முதல் மாசச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பீங்க?" என்று. எங்கள் வாடிக்கையாளர்கள் பணம் தர 45 நாளிலிருந்து 60 நாள் ஆகும். நான் வாங்குவது இயந்திரங்கள், சரக்கு, பெயர், ஆர்டர்கள். பழைய பாக்கி ஐயாவுக்குத்தான் சேரும். அப்படியென்றால் முதல் ஒன்றரை, இரண்டு மாதம் மெஷின் ஓடும், பேப்பர் வாங்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், ஆனால் ஒரு காசு உள்ளே வராது. இதற்காகத் தனியாக, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள ஒரு கடன் வரம்பு கேட்டு வாங்கினேன், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. என் சேமிப்பில் செலவழிக்காமல் வைத்த 12-உம் கைகொடுத்தது. எல்லாச் சேமிப்பையும் முன்பணத்தில் போட்டுவிட்டால் வங்கிக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். கையிருப்பு வைத்திருந்ததுதான் அவர்களுக்குப் பிடித்தது.

இன்னொன்று, தொழிலை வாங்குவதா, நிறுவனத்தை வாங்குவதா என்பது. நிறுவனத்தின் பங்குகளையே வாங்கினால் அதன் பழைய கடன், வழக்கு, வரிப் பாக்கி எல்லாம் கூடவே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் பெரும்பாலும் வராது, ஆனால் பல நாடுகளில் பழைய வரிப் பாக்கிக்கு வாங்கியவரையும் பிடிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. வரி பாக்கியில்லை என்ற சான்று கைக்கு வராமல் பணத்தை விடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

எங்கள் கட்டிங் மெஷினில் அப்படி ஒரு விஷயம் கிளம்பியது. வங்கி அடமானப் பதிவேட்டில் தேடியபோது, அந்த மெஷின் வேறு ஒரு கடனுக்கு ஈடாக இருப்பது தெரிந்தது. ஐயா பல வருடம் முன்பு எடுத்த கடன், சிறு பாக்கி நின்றிருக்கிறது. அவர் மறந்தே போயிருந்தார். என் முன்னால் அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை. "ஐயா, கையெழுத்து அன்னிக்கு வங்கியே நேரா அங்க கட்டிடும், மீதிதான் உங்களுக்கு வரும், அவ்வளவுதான்" என்று சொன்னேன். அப்படியே நடந்தது.

கடைசியில் வந்ததுதான் எங்கள் வீட்டுக்குள் கடினமாக இருந்தது. தனிநபர் உத்தரவாதம். அச்சகம் கட்டாவிட்டால் நான் என் சொந்தச் சொத்திலிருந்து கட்டுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வீட்டையும் ஈடாகக் கேட்டார்கள். பல நாடுகளில் சிறு தொழில் கடனுக்கு அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்பிஏ, இந்தியாவில் சிஜிடிஎம்எஸ்இ என்று பெயர்கள் வேறு வேறு. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு அல்ல. நம் கடன் அதனால் அழிந்துவிடாது. வங்கி துணிந்து கொடுக்க அது உதவும், அவ்வளவுதான்.

என் கணவர் இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எது போனா வீடு போகும்னு எனக்குச் சொல்லு." ஒன்றாக உட்கார்ந்து எழுதினோம். மருந்து நிறுவனம் போவது, பெரிய மெஷின் நின்றுபோவது, நானே இல்லாமல் போவது. முதலாவதற்கு ஐயாவின் தள்ளுபடியும் கையிருப்பும். இரண்டாவதற்கு மாதாமாதம் தனிக் கணக்கில் போடும் ஒரு தொகை. மூன்றாவதற்குக் கடன் தொகை அளவுக்கு ஆயுள் காப்பீடு, அதையும் வங்கியே கேட்டிருந்தது. வீட்டை முழுக் கடனுக்கும் எழுதாமல், அதில் ஒரு வரம்பு வரைக்கும் மட்டும் ஈடு என்று பேசினோம். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினால் விடுவிப்பதாகவும் எழுதி வாங்கினோம். கேட்காமல் இருந்திருந்தால் யாரும் தானாகத் தந்திருக்க மாட்டார்கள்.

கைமாறும் நாளுக்கு முந்தைய இரவு ஐயாவும் நானும் சரக்கு எண்ணினோம். ரீம் ரீமாகப் பேப்பர், மை டின்கள், பழைய பிளேட்டுகளின் எடை. பாதி திறந்த மை டின்னை எண்ணுவதா விடுவதா என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அதை முடிக்க மனசில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வங்கியில் கோப்பு நீட்டிய நாளிலிருந்து கடன் கணக்கில் விழுந்த நாள் வரை எட்டு மாதம். முதல் தவணையில் பாதிக்குப் பாதி வட்டிதான் போனது. தெரிந்ததுதான் என்றாலும் அறிக்கையில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இப்போது 14 மாதம் ஆகிறது. ஐயா சொன்னபடி ஆறு மாதம் இருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் என்னை முன்னால் நடக்கவிட்டு அவர் பின்னால் வந்தார். அவர் வருவது நின்ற முதல் வாரம் மருந்து நிறுவனத்திலிருந்து போன். கொள்முதல் மேலாளர் ஐயாவைத்தான் கேட்டார். அவர் ஓய்வெடுக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, எழுதிக்கோங்கம்மா" என்று அளவும் எண்ணிக்கையும் சொன்னார். என் கை நடுங்கியதில் எண்ணிக்கையைத் திரும்பக் கேட்டேன்.

அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வரவில் அவர்கள் பங்கு 38-லிருந்து 31 ஆகியிருக்கிறது. சின்னச் சின்னதாக ஏழு புது வாடிக்கையாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் மெஷின் நின்றதும் கவுண்டரைப் பார்த்து அட்டையில் எழுதுகிறேன். சர்வீஸ்காரர் வரும்வரை காத்திருப்பதில்லை. நேற்று எழுதிய எண், போன வருடம் இதே மாதத்தைவிட 6 சதவீதம் கூட. போட்டோ எடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன்.